ஐப்பசி மோஸ்தர்

ஐப்பசி பிறந்தால் குரோம்பேட்டையிலும் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையிலும் கால் வைக்க இடம் கிடையாது. மின்சார ரயிலிலிருந்து இறங்குகிற கூட்டமெல்லாம் ஜவுளிக் கடையை நோக்கித்தான் நடக்கிறது. "இந்த வருஷத்துப் புதுசு" என்று பொம்மைகளுக்குச் சேலை கட்டி வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். அடுத்த கட்டடத்தில் அழகு நிலையம். தலைமயிருக்கு ஒரு நிறம், நகத்துக்கு ஒரு சாயம், முகத்துக்கு ஒரு பூச்சு, எல்லாம் சேர்த்துத் தீபாவளிக்கு இன்ன விலை என்று பலகை தொங்குகிறது. போன வருஷம் வாங்கியது இந்த வருஷம் பழசாகி விட்டது என்று யாரோ தீர்மானித்து விட்டார்கள். யார் தீர்மானித்தது, யாருடைய செலவில் தீர்மானித்தது என்பதைப் பற்றித்தான் இந்த வாரம் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நம் பக்கத்திலேயே ஒரு தப்பபிப்பிராயத்தைத் தீர்த்துக் கொள்வோம். மில்லில் தலை நரைத்த தோழர்கள் சிலர், நகச்சாயம் பூசி வேலைக்குப் போகும் பெண்ணைப் பார்த்தால் முகம் சுளிக்கிறார்கள். "பாட்டாளி வீட்டுப் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வி நம்முடைய கேள்வி அல்ல, மிராசுதாரின் கேள்வி!

1930ஆம் வருஷம் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதியார் ஆதி திராவிட மக்கள் மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டையோ பனியனோ போடக் கூடாது. தலைமயிரைக் கிராப்பாக வெட்டிக் கொள்ளக் கூடாது. வீட்டில் மண் பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மார்பை மறைக்க ரவிக்கையோ தாவணியோ அணியக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தலைமயிர், துணி, முகப்பூச்சு எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, பார்த்தீர்களா? தஞ்சையில் பண்ணையாள் வேட்டியை முழங்காலுக்குக் கீழே இறக்கிக் கட்ட முடியாத காலம் இருந்தது. பி. சீனிவாசராவ் போன்றவர்கள் அங்கே சேரி சேரியாகப் போய்ச் சங்கம் கட்டிய பிறகு, 1944ல் ஏற்பட்ட ஒப்பந்தத்தில்தான் சாட்டையடியும் சாணிப்பாலும் ஒழிந்தன. வேட்டி கணுக்கால் வரை இறங்கியதும் அந்தச் சங்கத்தின் பலத்தால்தான். உழைக்கிறவன் நன்றாக உடுத்துவது நம் வர்க்கம் உதை வாங்கி அடைந்த உரிமை. ஆகையால் அந்தப் பெண் நகத்துக்குச் சாயம் பூசட்டும். நமக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

நம் ஆட்சேபணையெல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது.

பாரிஸ், மிலான், லண்டன், நியூயார்க் நகரங்களில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் துணிக் கண்காட்சிகள் நடக்கின்றன. வரப்போகும் இலையுதிர் காலத்துக்கு இந்த நிறம், இந்த வெட்டு என்று அங்கே முடிவாகிறது. இலையுதிர் காலம் என்பது நம் ஊர்ச் சரக்கல்ல. நம் பக்கத்தில் வேப்பமரம் இலை உதிர்ப்பது மாசியில். ஐப்பசியில் நமக்கு உதிர்வது மழைதான். 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்ததையும், அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் விழுங்கியதையும் நாம் மறந்து விடவில்லை. ஆனாலும் ஐரோப்பாவின் இலையுதிர் காலம் நம் வீட்டுப் பெண்களின் முதுகில்தான் தைக்கப்படுகிறது. செப்டம்பரில் அந்த ஊர்க் கடையில் தொங்க வேண்டிய கம்பளிச் சட்டையும் மேலங்கியும் சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரைகளின் கீழே உருவாகின்றன. திருப்பூரில் பின்னலாடை, தாம்பரத்தில் 1984ல் துவங்கிய ஏற்றுமதி மண்டலத்திலும் சுற்றுப்பட்ட பட்டறைகளிலும் ஆயத்த ஆடை. செங்கற்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் நாற்று நட்ட தாயின் மகள், விடியற்காலையில் கம்பெனி வண்டி ஏறி வந்து இந்தச் சட்டைக்குக் காலர் வைக்கிறாள்.

கப்பல் ஏற வேண்டிய தேதி ஒன்று உண்டு. அந்தத் தேதி தவறினால் வெளிநாட்டுக் கம்பெனி விலையைக் குறைக்கும்; அல்லது சரக்கை ஆகாய விமானத்தில் அனுப்பு, செலவு உன்னுடையது என்று ஆலை முதலாளியிடம் சொல்லும். முதலாளி அந்த நெருக்கடியை அப்படியே சூப்பர்வைசரிடம் இறக்குகிறார். சூப்பர்வைசர் மணிக்கு இத்தனை உருப்படி என்று கரும்பலகையில் எழுதுகிறார். அதற்கும் கீழே இறக்க யாரும் இல்லை. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்தான் கடைசி. அவள் தண்ணீர் குடிக்கவே பயப்படுகிறாள். குடித்தால் எழுந்து போக வேண்டும், போனால் உருப்படி குறையும்!

கூலி விஷயம் என்ன? தையல் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை உயர்த்தி ராஜ்ய சர்க்கார் 2014ல் அறிவிக்கை வெளியிட்டது. உடனே முதலாளிகள் கோர்ட்டுப் படி ஏறினார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்று தீர்ப்பளிக்கிற வரையில் எத்தனை இலையுதிர் காலங்கள் தைத்து அனுப்பப்பட்டன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இது இன்று நேற்று முளைத்த வியாதி அல்ல. 1863 ஜூனில் லண்டனில் மேரி ஆன் வாக்லி என்ற 20 வயதுத் தையற்காரப் பெண் இறந்தாள். வேல்ஸ் இளவரசியைக் கௌரவிக்கும் நடன விருந்துக்குச் சீமாட்டிகளின் உடைகள் ஒரு நொடியில் தயாராக வேண்டும் என்று, அவளும் இன்னும் 60 பெண்களும் இருபத்தாறரை மணி நேரம் இடைவிடாமல் தைத்தார்கள். காற்றில்லாத ஒரே அறையில் 30 பேர். வெள்ளிக்கிழமை படுத்தாள், ஞாயிற்றுக்கிழமை செத்தாள். கையிலிருந்த உருப்படியை முடிக்காமல் செத்தாளே என்று கடைக்காரிக்கு ஆச்சரியம்! மார்க்ஸ் இதை 'மூலதனம்' முதல் பாகத்தில், வேலை நாளைப் பற்றிய அத்தியாயத்தில் எழுதி வைத்திருக்கிறார். சரியாக 150 வருஷம் கழித்து, 2013 ஏப்ரல் 24ந் தேதி, டாக்கா அருகே சவாரில் ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தது. கீழ்த் தளத்திலிருந்த பாங்கையும் கடைகளையும் மூடி விட்டார்கள். மேல் தளங்களில் ஆடை தைத்த தொழிலாளரை மட்டும் வேலைக்கு வரச் சொல்லி நிர்ப்பந்தித்தார்கள். அவர்களும் மேல்நாட்டுக் கடைகளுக்காகத்தான் தைத்துக் கொண்டிருந்தார்கள்.

அழகு சாதனங்களின் கதையும் இதற்குச் சளைத்ததல்ல. நகச்சாயத்திலும் உதட்டுச் சாயத்திலும் மினுக்குகிற பொடி பெரும்பாலும் அப்பிரகம். ஜார்க்கண்டிலும் பீகாரிலும் எலி வளை போன்ற பொந்துகளில் குழந்தைகள் கூட இறங்கி அதைப் பொறுக்கி எடுக்கிறார்கள். திருப்பதியில் நம் பெண்கள் வேண்டுதலுக்குக் கொடுக்கிற கூந்தலைத் தேவஸ்தானம் ஏலத்தில் விற்கிறது. அது கடல் கடந்து போய்ச் சவுரியாகவும் டோப்பாவாகவும் சீமான்கள் தலையில் ஏறுகிறது. முடி கொடுத்தவளுக்குப் புண்ணியம், விற்றவனுக்குப் பணம்.

சரி, தீபாவளிக்கு வருவோம். ஏனெனில் இந்த ஒரு மாதம் நம் கண் முன்னாலேயே நடக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. ஜவுளிக் கடையில் உங்களுக்குச் சேலை விரித்துக் காட்டுகிறாளே, அந்தப் பெண்ணைக் கவனித்திருக்கிறீர்களா? இருபது சேலை விரித்து, இருபதையும் மடித்து, நீங்கள் ஒன்றும் வாங்காமல் போனாலும் சிரிக்கிறாள். அவளில் பலர் தெற்கு ஜில்லாக்களில் விவசாயக் கூலிகளின் மக்கள். கடை முதலாளியே கொடுத்த விடுதியில் தூங்கி எழுந்து வருகிறவர்கள். 2010ல் வந்த 'அங்காடித் தெரு' படத்தைப் பார்த்தவர்களுக்கு விவரம் தெரியும். காலை முதல் இரவு வரை நிற்பது. கெண்டைக்காலில் நரம்பு புடைத்து முறுக்கிக் கொள்கிறது. தீபாவளி நெருங்க நெருங்க வாராந்தர விடுமுறையும் காணாமல் போகிறது. கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019ல் சர்க்கார் உத்தரவு போட்டபோது, பெண்களைச் சாதாரணமாக இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதற்கு மேல் என்றால் எழுத்து மூலம் அவள் சம்மதிக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. விடுதியும் சோறும் முதலாளியின் கையில் இருக்கும்போது அந்தச் சம்மதம் எப்படி வாங்கப்படும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

உட்காருவதற்கு இந்த நாட்டில் போராட வேண்டியிருந்தது! கோழிக்கோட்டில் பி. விஜி என்ற தையற்காரப் பெண்மணி, மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்களைத் திரட்டினார். மூத்திரம் போக இடம் வேண்டும் என்றுதான் முதலில் கேட்டார்கள். பிறகு, உட்கார உரிமை வேண்டும் என்றார்கள். இதென்ன கோரிக்கை என்று சிரித்தவர்கள் உண்டு. 2018ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டசபையிலும் மசோதா வந்தது. 1947ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே சந்தர்ப்பம் கிடைக்கிற போதெல்லாம் அவர்கள் உட்காரலாம். ஒரு முக்காலிக்கு 74 வருஷம்!

சட்டம் காகிதத்தில் இருக்கிறது. முக்காலி எங்கே? அடுத்த முறை கடைக்குப் போகும்போது மாடிக்கு மாடி எண்ணிப் பாருங்கள். இருக்கிற இடத்திலும் வாடிக்கைக்காரர் உட்காரவா, ஊழியர் உட்காரவா என்று பாருங்கள். முக்காலியைச் சுவரோரம் போட்டு விட்டு, உட்காருகிற பெண்ணை முறைத்துப் பார்க்க ஒரு மேஸ்திரியை நிறுத்தினால் அது சட்டத்தை அமுல் நடத்துவது ஆகாது.

போனஸ் பற்றியும் ஒரு வார்த்தை. குறைந்தபட்சம் 8.33 சதவிகிதம் என்பது சட்டம். வருஷத்தில் 30 நாள் வேலை செய்து, சம்பள உச்சவரம்புக்குள் இருக்கிறவர்களுக்கு அது உரிமை. 'நீ காண்டிராக்ட் ஆள்' என்று ஸ்வீட் டப்பா கொடுத்து அனுப்புகிற ஆலைகளில் இருப்பவர்கள் சங்கத்துக்கு வந்து பேசுங்கள். விவசாயக் கூலிக்கோ இந்தப் போனஸும் இல்லை. அறுப்பு தையில், தீபாவளி ஐப்பசியில். இடையில் நிற்பது தவணைக்காரனும் தீபாவளிச் சீட்டுக்காரனும்தான். மோஸ்தர் மாறுகிற வேகத்தில் கூலி மாறினால் இந்தக் கடன் எதற்கு?

குழந்தைக்குச் சட்டை எடுக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எடுங்கள். கைத்தறி வேண்டுமானால் 1935 முதல் இருக்கிற கோ-ஆப்டெக்ஸில் தீபாவளித் தள்ளுபடி உண்டு. நெசவாளிக்கும் நாலு காசு போகும். பெரிய கடைக்குத்தான் போவதென்றாலும் போங்கள். ஆனால் சேலை விரிக்கிற பெண்ணிடம் விலை கேட்பதற்கு முன்னால், "உட்கார இடம் கொடுத்திருக்கிறார்களா, அம்மா?" என்று மெல்ல ஒரு வார்த்தை கேளுங்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் இருந்தால் கேட்க வேண்டாம், கண்ணாலேயே பார்த்துக் கொள்ளுங்கள். இல்லையென்றால் கடையின் பெயர், எந்த மாடி, எந்தத் தேதி, எத்தனை மணி என்று குறித்து, 22-அ பிரிவைச் சொல்லித் தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு ஒரு மனு எழுதிப் போடுங்கள். பத்துப் பேர் எழுதினால் பத்து மனுவாகப் போகட்டும். அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் எதிலும் எழுதாதீர்கள்.