அனுமன் கேட்டான், சீதை மறுத்தாள்

சென்ற மாதம் ஹட்டனில் ஒரு திருமண வீடு. பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் இளைஞர் ஒருவர் என்னருகே வந்து அமர்ந்தார். தோட்டத்தில் பிறந்து, படித்து, கொழும்பில் கணினித் துறையில் வேலை பார்ப்பவர், நல்ல பிள்ளை. "ஐயா, இராமாயணத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா?" என்று தொடங்கினார். அனுமன் கடலைத் தாண்டி வருகிறான். அசோக வனத்தில் சீதையைக் காண்கிறான். அப்படியே அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரும்பியிருந்தால் காரியம் முடிந்தது. அணையும் வேண்டாம், போரும் வேண்டாம். "வான்மீகியும் கம்பரும் இதை யோசிக்க மறந்துவிட்டார்கள்" என்று முடித்தார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். திருமண வீட்டில் வாதம் செய்வது அழகல்ல. ஆகவே இங்கே செய்கிறேன்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். டோல்கீன் என்ற ஆங்கிலப் பேராசிரியர் 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட 'மோதிரங்களின் தலைவன்' கதை 2001 முதல் 2003 வரை மூன்று திரைப்படங்களாக வந்து உலகையே ஆட்டிவைத்தது. தீய மோதிரத்தை எரிமலையில் எறிவதற்காக இரண்டு குள்ளர்கள் உயிரைப் பிடித்துக்கொண்டு கால்நடையாகப் போவார்கள். எல்லாம் முடிந்தபின் பெருங்கழுகுகள் பறந்துவந்து அவர்களைத் தூக்கிச் செல்லும். 'அந்தக் கழுகுகளை முதலிலேயே அனுப்பியிருக்கக் கூடாதா?' என்று உலகெங்கும் வாசகர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். மோதிரத்தை என்ன செய்வது என்று ஆலோசிக்கும் சபையில் அதைக் கழுகுகளிடம் கொடுத்தனுப்பலாம் என்ற பேச்சை எவருமே எடுப்பதில்லை. கதைக்குள் ஒருவரும் கேட்காததை வெளியே நிற்கும் வாசகன் கேட்கிறான்.

இராமாயணத்தின் நிலை அதுவன்று. நம் இளைஞர் கேட்ட கேள்வியை அனுமனே கேட்டுவிட்டான். வான்மீகியின் சுந்தரகாண்டத்திலும் கேட்கிறான். கம்பரின் சூடாமணிப் படலத்திலும் கேட்கிறான். 'என் தோளில் ஏறிக்கொள், தாயே' என்கிறான். சீதை மறுக்கிறாள். ஏன் மறுக்கிறாள் என்பதை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சொல்லவும் சொல்கிறாள். கவிஞன் மறந்த இடமன்று இது. கவிஞன் நின்று, மூச்சு வாங்கி, பாட்டுக்கு மேல் பாட்டாகப் பாடிய இடம்.

வான்மீகியின் சீதை அச்சத்தை மறைக்காதவள். வேகத்தில் மயங்கிக் கடலில் விழுந்துவிடலாம். அரக்கர்கள் துரத்தினால் என்னைச் சுமந்துகொண்டு நீ எப்படிப் போரிடுவாய் என்கிறாள். கணவனின் புகழையும் சொல்கிறாள். தானாக விரும்பி வேறோர் ஆணின் உடலைத் தொடமாட்டேன் என்பதையும் சொல்கிறாள். கம்பரின் சீதை, 'உன்னால் முடியாதது அல்ல' என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறாள். நடுக்கடலில் அரக்கர் வளைத்துக்கொண்டால் நீ அவர்களோடு பொருவதா, என்னைக் காப்பதா என்று போர்த்தந்திரம் அறிந்தவள்போல் கேட்கிறாள். பிறகுதான் உள்ளே இருப்பது வெளியே வருகிறது. வஞ்சித்துக் கவர்ந்தார்கள்; அதே வஞ்சனையை நீயும் செய்ய நினைக்கிறாயா என்கிறாள். தன்னைப் பார்த்த அரக்கனின் கண்களைக் காகங்கள் தின்னும் நாளில்தான் தான் உயிரோடிருப்பதாகப் பொருள் என்கிறாள். தன் ஒரு சொல்லால் உலகங்களைச் சுட்டுவிட முடியும். இராமன் வில்லுக்கு அது மாசு என்பதால் விட்டிருக்கிறேன் என்கிறாள். இவளையா மீட்கப்படக் காத்திருந்த பேதை என்று நினைத்தோம்?

கம்பர் ஓட்டைகளைக் கவனிக்காதவர் என்று சொல்பவர்கள் அந்தக் குடிசையையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வான்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிப் போகிறான். விரும்பாத பெண்ணை வலிந்து கூடினால் அவன் தலை சிதறும் என்ற பிரமனின் சாபமும் வேறோரிடத்தில் வருகிறது. தொட்டவன் எப்படிப் பிழைத்தான் என்று எவராவது கேட்பார்கள் அல்லவா? கம்பருக்கு அது கேட்டது. அவருடைய இராவணன் சீதையைத் தீண்டுவதே இல்லை. ஒரு யோசனை அளவு நிலத்தைப் பெயர்த்து, இலக்குவன் கட்டிய குடிசையோடும் மண்ணோடும் அவளைத் தூக்கி வருகிறான். அத்தோடு விட்டாரா? ஒரு காண்டம் கழித்து, அனுமனிடம் சீதை அதே குடிசையைச் சுட்டிக்காட்டுகிறாள்: இதோ பார், இளையவன் கட்டியது, இங்கே கொண்டுவந்து வைத்தபடியே இருக்கிறது. முன்பு சொன்னதைப் பின்பு மறக்காத எழுத்தாளர் இவர். முப்பது ஆண்டுகளாக நிருபர்களின் பிரதிகளில் முரண்பாடு தேடிய எனக்கே பொறாமை வருகிறது.

ஓட்டை தேடுவோர் ஒருபுறமிருக்க, ஓட்டையை மண்போட்டு அடைப்போர் மறுபுறம் இருக்கிறார்கள். அவர்கள் நம் ஊர்க்காரர்கள். நுவரெலியாவிலிருந்து வெலிமடை போகும் வழியில் சீதாஎலிய. அங்கே சீதையம்மன் கோயில், அருகே ஓடை, ஓடைப் பாறையில் அனுமன் பாதம் எனக் காட்டப்படும் குழிகள். 2024 மே மாதம் நடந்த குடமுழுக்குக்கு அயோத்தியிலிருந்து சரயு நதி நீரே வந்தது. வணங்குவோரை நான் குறை சொல்லவில்லை. என் தாயார் அங்கே விளக்கேற்றியவர். என் சண்டை 'இராமாயணத் தடம்' என்று பேருந்து ஏற்றிக் கதையை நிலஅளவைப் படமாக்கும் சுற்றுலாக்காரர்களோடு. வழிகாட்டி ஒருவர் அப்பகுதியின் கரிய மண்ணைக் கையில் அள்ளிக் காட்டி, அனுமன் வைத்த தீயில் கருகியது என்றார். ஐயா, நகரம் எரிந்தது. சீதை இருந்த இடத்தைத் தீ தீண்டவில்லை. அதை எண்ணி அனுமன் பதறியதும், பின் அவள் நலம் என அறிந்து தேறியதும் கதையிலேயே இருக்கின்றன. ஹக்கலை மலையும், ரிட்டிகலையும், காலிக்கருகே ருமஸ்ஸலையும் சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டுகளாம். வான்மீகியிலோ அனுமன் மலையைத் திரும்பக் கொண்டுபோய் உரிய இடத்தில் வைத்துவிடுகிறான். ஓட்டை வேண்டுமென்றால் இங்கே தேடட்டும்! இலக்குவனின் குடிசையை மட்டும் எந்தப் பேருந்தும் காட்டுவதில்லை. படித்தால்தானே தெரியும்.

கேள்வி கேட்பதே பாவம் என்று நான் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். 1943இல் கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா என்று அண்ணா ஒருபக்கமும், ரா.பி. சேதுப்பிள்ளையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் மறுபக்கமுமாக நின்று வாதிட்டார்கள். கொளுத்தச் சொன்னவருக்கும் கம்பர் பாட்டு மனப்பாடம். இராவணனே நாயகன் என்று கருதிய புலவர் குழந்தை, திண்ணையில் இருந்து சிரிக்கவில்லை; 'இராவண காவியம்' என்று ஒரு காவியத்தையே எழுதிக் காட்டினார். இன்னும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. மாசி மாதம் நம் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். காமன் எரிவான், ரதி அழுவாள். இதே கதையை வைத்துத் தஞ்சைப் பக்கத்து லாவணிக்காரர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து விடிய விடியப் பாடுவார்கள். எரிந்தவன் எப்படி மீண்டான்? மீண்டான் என்றால் எரிந்தானா? எதிர்க்கட்சியின் பாட்டுக்குப் புராணத்திலிருந்து விடை எடுத்துப் பாடத் தெரியாதவன் தோற்றவன். அந்த மேடையில் 'கவிஞர் மறந்துவிட்டார்' என்று சொன்னால் டேப்பைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

என் கட்சி எது என்று கேட்பீர்கள். சீதையின் விடை எனக்குத் தெரியும்; ஆனால் அது என்னைச் சமாதானப்படுத்தியதில்லை. 2009 மே வரை செய்தி மேசையில் இறந்தோர் எண்ணிக்கையைத் திருத்தித் திருத்தி அச்சுக்கு அனுப்பியவன் நான். ஒரு வில்லுக்கு மாசு வரக்கூடாது என்பதற்காக எத்தனை வானரர், எத்தனை அரக்கர்? கும்பகருணன் செத்தான், இந்திரசித்து செத்தான்; மண்டோதரியின் புலம்பலைக் கம்பரே எழுதியிருக்கிறார். இவ்வளவுக்கும் பிறகு, வில்லின் உரிமையாளன் அவளை எப்படி வரவேற்றான்? உலகங்களைச் சொல்லால் சுடக்கூடியவள் தானே தீக்குள் இறங்க நேர்ந்தது. இவை எல்லாம் கேட்கவேண்டிய கேள்விகள். 'ஓட்டை' என்று பெயர் வைத்தவுடன் இவற்றைக் கேட்காமல் தப்பித்துவிடலாம். கவிஞனுக்குக் கவனக்குறைவு, கதை முடிந்தது, வெற்றிலை போடலாம்.

ஆனாலும் இன்னொன்று என்னை இழுக்கிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம்மவருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று இரண்டு பிரதமர்கள் கணக்கு முடித்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று விட்டு, 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சிறுவயதில் ஹட்டன் புகையிரத நிலையத்தில் தலைமன்னாருக்குப் புறப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒப்பாரிக் கோச்சி என்றே அந்தப் புகையிரதத்துக்குப் பெயர். அனுமன் வந்து திரும்பிய அதே கடல்தான். அந்த மக்களிடம் எவரும் 'ஏறுகிறாயா?' என்று கேட்கவில்லை. அனுமன் கேட்டான். அவள் வரமாட்டேன் என்றபோது, பலமிருந்தும் தூக்கிக்கொண்டு போகவில்லை. சூடாமணியை வாங்கிக்கொண்டு திரும்பினான். போருக்கு அவள் சொன்ன காரணத்தை ஏற்க முடியாத நான், அவள் மறுத்த உரிமையை விட்டுக்கொடுக்கவும் முடியாதவனாய் இருக்கிறேன். இரண்டு கட்சியிலும் கால் வைப்பவனை லாவணியில் சேர்க்கமாட்டார்கள். சேர்க்காவிட்டால் போகட்டும்.

நம் இளைஞர் ஏதாவது ஒரு கட்சியைப் பிடித்துக்கொண்டு வரட்டும்; நான் காத்திருக்கிறேன். சூடாமணிப் படலம் நூறு பாட்டுக்கூட இல்லை. ஹட்டனில் புகையிரதம் ஏறினால் கோட்டையில் இறங்குவதற்குள் உரையோடு இருமுறை வாசித்துவிடலாம்.