இரண்டாம் தேர்வு யாருக்காக?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ஆண்டுக்கு இரண்டு முறை நடத்த 2025 ஜூனில் சிபிஎஸ்இ முடிவெடுத்தபோது, மாணவர்களின் மன அழுத்தம் குறையும் என்று சொல்லிப் பலரும் வரவேற்றார்கள். புதிய தேசியக் கல்விக் கொள்கையில் ஏற்கெனவே சொல்லப்பட்ட யோசனைதான் இது. 2026 முதல் நடைமுறை. பிப்ரவரித் தேர்வை எல்லோரும் எழுதியாக வேண்டும். மே மாதத் தேர்வு விருப்பப்பட்டால் எழுதலாம். தவறியவர்கள் மட்டுமல்ல, தேர்ச்சி பெற்றவர்களும் மூன்று பாடங்கள் வரை மறுபடி எழுதி மார்க்கை உயர்த்திக்கொள்ளலாம். இரண்டில் எது அதிகமோ அது சான்றிதழில் ஏறும்.

தவறியவர்களுக்கு ஒரு வாய்ப்பு சீக்கிரமே கிடைப்பதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தேர்ச்சி பெற்ற பிள்ளைக்கும் இந்தக் கதவைத் திறந்துவிட்டதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது. விருப்பம் என்கிறார்களே, யாருடைய விருப்பம்? “94 வந்திருக்கு, எனக்குப் போதும்” என்று பதினைந்து வயதுப் பிள்ளை சொன்னால், அதோடு பேச்சு முடிகிற வீடுகள் நம்மிடம் எத்தனை? விண்ணப்பத்தைப் பார்ப்பதும் பணம் கட்டுவதும் டியூஷன் மாஸ்டருக்குப் போன் போடுவதும் பெற்றோர்தான். அந்த மே மாதத் தேர்வைப் பிள்ளை எழுதும்; எழுதச் சொல்வது அப்பாவும் அம்மாவும்.

2025-ல் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் எடுத்தவர்கள் ஏறக்குறைய 2 லட்சம் பேர். 95-க்கு மேல் எடுத்தவர்கள் 45 ஆயிரத்துக்கும் அதிகம். இந்தப் புதிய ஏற்பாட்டில் முதலில் சிக்குவது இப்படிப்பட்ட பிள்ளைகள்தான். முப்பத்தைந்தில் தத்தளிக்கிற பிள்ளையின் வீட்டில் பாஸ் ஆனதே திருவிழா. 94 வாங்கிய பிள்ளையின் வீட்டில்தான் “மீதி ஆறு எங்கே போச்சு?” என்ற கேள்வி வரும். இதுவரை அந்தக் கேள்வி ஒரு வாரம் கசந்து, பிளஸ் ஒன் அட்மிஷன் வேலைகளில் அடங்கிப்போகும். இனி அடங்காது. ஏப்ரலில் முதல் ரிசல்ட், மே மாதக் கத்திரி வெயிலில் மறுதேர்வு, ஜூனில் இன்னொரு ரிசல்ட். சிபிஎஸ்இ பள்ளிகளில் ஏப்ரலிலேயே பிளஸ் ஒன் வகுப்பு தொடங்கிவிடுகிறது. ஆகவே பகலில் பதினொன்றாம் வகுப்பு, ராத்திரியில் பத்தாம் வகுப்பு. இதற்குப் பெயர் அழுத்தக் குறைப்பாம்!

அந்த ஆறு மார்க்குக்கு உண்மையில் என்ன மதிப்பு என்று பார்ப்போம். நம் மாநிலப் பாடத்திட்டத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அங்கே பிளஸ் டூ ரிசல்ட்டோடு, எந்தப் பாடத்தில் எத்தனை பேர் சென்டம் என்ற பட்டியலும் ஆண்டுதோறும் வெளியாகிறது. மற்றவர்கள் தேர்ச்சி விழுக்காட்டைத் தேடும்போது நான் இந்தப் பட்டியலைத்தான் தேடுவேன். வேதியியலில் 2023-ல் சென்டம் வாங்கியவர்கள் 3,909 பேர். 2024-ல் 471 பேர். 2025-ல் 3,181 பேர். இந்த மூன்று எண்களையும் பெற்றோர்கள் தயவுசெய்து இன்னொரு முறை படிக்க வேண்டும். அதே பாடப்புத்தகம், அதே ஆய்வகங்கள், பெரும்பாலும் அதே ஆசிரியர்கள். 2024-ல் எழுதிய பிள்ளைகள் மட்டும் எட்டில் ஒரு பங்கு அறிவோடு பிறந்தவர்களா? அல்லது அந்த ஓர் ஆண்டு மட்டும் தமிழ்நாட்டு அப்பா அம்மாக்கள் எல்லாரும் கண்டிப்பில் தளர்ந்துவிட்டார்களா?

கணக்கில் தலைகீழ். 2023-ல் 690 பேர், 2024-ல் 2,587 பேர், 2025-ல் 3,022 பேர். கணக்குப்பதிவியலில் 6,573 பேர் என்று இருந்தது அடுத்த ஆண்டே 1,647 ஆகச் சரிந்து, அதற்கடுத்த ஆண்டு 1,240 ஆனது. விலங்கியல் 154, 382, 36 என்று ஏறி இறங்குகிறது. தமிழில் 2 பேர், 35 பேர், 135 பேர். இரண்டே ஆண்டுகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி அறுபத்தேழு மடங்கு கூடுதலாக வந்துவிட்டதென்று எவரும் சொல்ல மாட்டார்கள். கேள்வித்தாள் எப்படி அமைந்தது, விடைக்குறிப்பு எவ்வளவு தாராளம், திருத்தும் மையத்தில் அன்று என்ன வேகம் – மேல்தட்டு மார்க்கை இவைதான் முடிவு செய்கின்றன. 2024-ல் வேதியியலில் 96 வாங்கியவன் 2025-ல் எழுதியிருந்தால் நூறு வாங்கியிருக்கக்கூடும். அந்த நான்கு மார்க்குக்காக அவனிடம் பேசாமலிருந்த அப்பா, யார் செய்த தவறுக்கு யாரைத் தண்டித்தார்?

என் தெரு முனையில் உள்ள ஜெராக்ஸ் கடையில் ஒரு மே மாதம் பார்த்த காட்சி இது. பிளஸ் டூ விடைத்தாள் நகலை டவுன்லோடு செய்து, பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தார் ஓர் அப்பா. பையன் பக்கத்தில் நிற்கிறான், அவரைவிட அரை அடி உயரம். கடை மேஜையிலேயே தாள்களைப் பரப்பி, சிவப்புப் பேனாவால் பக்கம் பக்கமாகக் கூட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். “ஏன்டா, இங்க யூனிட் போடலையா? அரை மார்க் போயிருக்கு பாரு.” “போட்டிருக்கேன்ப்பா, அடுத்த வரியில.” அவர் அடுத்த வரியைப் பார்த்தார்; யூனிட் இருந்தது. “அதை மேலேயே போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல?” என்றார். வரிசையில் நின்றிருந்த நாலைந்து பேரும் அந்தப் பையனைப் பார்த்தோம். அவன் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டான். மொத்தம் எவ்வளவு என்று கடைக்காரர் கேட்க, 561 என்றார் அப்பா, கடன் தொகையைச் சொல்கிற குரலில். அறுநூறுக்கு 561!

இந்தப் பெற்றோர் கெட்டவர்கள் இல்லை. பிள்ளைக்காக நகையை அடகு வைத்தவர்கள், பணிமாற்றத்தை மறுத்தவர்கள். பயம்தான் அவர்களை இப்படிப் பேசவைக்கிறது. அந்தப் பயத்துக்குத் தீனி போடுவது பள்ளிகள். பத்தாம் வகுப்பு மார்க் இவ்வளவு இருந்தால்தான் பயோ-மேத்ஸ், அதற்குக் கீழே என்றால் காமர்ஸ், இன்னும் கீழே என்றால் வேறு பள்ளி பாருங்கள் என்று கோடு கிழித்து வைத்திருக்கின்றன தனியார் பள்ளிகள். கட்டணச் சலுகைக்கும் அதே கோடுதான். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017-ல் தமிழக அரசு நிறுத்தியது. அரசு எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று அது. ஆனால் அரசு கைவிட்டதைப் பள்ளிகள் ஃபிளெக்ஸ் பேனரில் தொடர்ந்தன. ஃபிளெக்ஸில் இடம் கிடைக்காத பிள்ளைகளைப் பெற்றோரே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏற்றினார்கள். ஏற்ற முடியாத வீடுகளில் அன்று முழுக்க போனை அணைத்து வைக்கிறார்கள். ரிசல்ட் அன்று ஒன்பதரை மணிக்கெல்லாம் “பையன் எவ்வளவு?” என்று கேட்கும் சித்தப்பாக்களுக்கும் அத்தைகளுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. உங்களுக்கு அந்த எண் எதற்கு?

“போட்டி நிறைந்த உலகம், பிள்ளைகள் பழகிக்கொள்ள வேண்டாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களோடு அதிகம் வாதாட எனக்கு விருப்பமில்லை. மருத்துவத்துக்கு நீட் வந்துவிட்டது. பொறியியலுக்குப் பிளஸ் டூவின் கணக்கு, இயற்பியல், வேதியியல் மார்க் போதும். பாலிடெக்னிக் சேர்க்கை, கிராம அஞ்சல் ஊழியர் வேலை போன்ற சிலவற்றுக்குத்தான் பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்க்கிறார்கள். அந்த விதிகளை மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலான போட்டிகளில் கேட்கப்படாத ஒரு மார்க்கைக் கூட்டுவதற்காக வெயிலில் பரீட்சை எழுதவைப்பதைப் போட்டிக்குப் பழக்குவதாகச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு.

மார்க்கே இல்லாவிட்டால் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள் என்பது இன்னொரு வாதம். இதற்குப் பதில் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. ஏனோ அதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. கொரோனாவால் 2021-ல் பத்தாம் வகுப்புத் தேர்வு நடக்கவில்லை. அந்த ஆண்டு சான்றிதழில் மார்க் கிடையாது. தேர்ச்சி என்று மட்டும் அச்சிட்டுக் கொடுத்தார்கள். லட்சக்கணக்கான பிள்ளைகள் ஓர் எண்கூட இல்லாத சான்றிதழோடு பிளஸ் ஒன் சேர்ந்தார்கள். அதே பிள்ளைகள் 2023-ல் பிளஸ் டூ எழுதினார்கள். தேர்ச்சி 94.03 சதவீதம். முந்தைய ஆண்டு 93.76. கொரோனாவுக்கு முன், எல்லாம் ஒழுங்காக நடந்த 2019-ல் 91.3. அந்த 2019 பிள்ளைகள் முறையாகப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதி, மார்க் வாங்கி வந்தவர்கள்; அவர்களைவிட, மார்க் இல்லாமல் வந்தவர்கள் அதிகம் தேறினார்கள். 600-க்கு 600 எடுத்த மாணவி ஒருவரைத் தமிழகமே கொண்டாடியதும் அதே 2023-ல்தான்.

அந்த ஆண்டு மொழித்தாளுக்கு ஏறக்குறைய 50 ஆயிரம் பேர் வரவில்லையே என்று உடனே கேட்பார்கள். வேலைக்குப் போனவர்களும், ஊர் மாறியவர்களும், இரண்டு ஆண்டு பூட்டிக்கிடந்த பள்ளிக்குத் திரும்ப மனமில்லாதவர்களும் அதில் உண்டு. சான்றிதழில் எண் இல்லை என்பதற்காகப் படிப்பை விட்ட ஒரு பிள்ளையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மார்க் இல்லாத சான்றிதழ் சிபிஎஸ்இ-க்கே புதிதல்ல. 2010-க்குப் பிறகு சில ஆண்டுகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைக் கட்டாயமில்லை என்று ஆக்கி, மார்க்குக்குப் பதில் கிரேடு கொடுத்தது அதே வாரியம்தான். 2018-ல் பழையபடி எல்லோருக்கும் பொதுத்தேர்வு. கிரேடு வாங்கிய அந்தத் தலைமுறை இன்று மருத்துவமனைகளிலும் ஐடி நிறுவனங்களிலும் நீதிமன்றங்களிலும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அவர்களுக்கு என்ன குறைந்துவிட்டது?

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். அதில் 1,416 பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. எல்லாவற்றுக்கும் மார்க்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு சாவுக்குப் பின்னாலும் வெளியே தெரியாத பல காரணங்கள் உண்டு. ஆனாலும் ரிசல்ட் வரும் நாளில் 104, 14416 ஆகிய உதவி எண்களில் ஆலோசகர்களைத் தயாராக உட்கார வைக்க வேண்டிய நிலையில் ஒரு மாநிலம் இருக்கிறது என்றால், அன்று நம் வீடுகளுக்குள் என்ன நடக்கிறது என்பதை அரசே அறிந்துவைத்திருக்கிறது என்றுதான் பொருள். 2025 ஜூலையில் மாணவர் மனநலம் பற்றி உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்களில், மார்க்கை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கக் கூடாது, பலர் முன் அவமானப்படுத்தக் கூடாது, பெற்றோருக்கும் விழிப்புணர்வு வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. இரண்டாம் தேர்வு முடிவாகி ஒரே மாதத்தில் வந்த வழிகாட்டுதல் அது.

இந்த விஷயத்தில் தமிழக அரசு சரியான திசையில் போகிறது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டது. மூன்று ஆண்டு தொடர்ச்சியாகப் பொதுத்தேர்வு என்ற கொடுமை அத்தோடு முடிந்தது. பொதுத்தேர்வு போனால் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல் பிளஸ் டூவுக்குத் தாவும் என்கிறார்கள். தாவினால் அந்தப் பள்ளியைக் கேள்வி கேட்க வேண்டியது அதிகாரிகளின் வேலை. அதற்காகப் பிள்ளையை இன்னொரு பரீட்சை எழுதவைக்க வேண்டியதில்லை. அரசு இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். ரிசல்ட்டை மாணவர் பதிவு செய்த கைபேசி எண்ணுக்கு எஸ்எம்எஸ்ஸில் அனுப்புகிறார்கள். பெரும்பாலும் அது அப்பாவின் எண். பிள்ளை பார்க்கும் முன்பே அப்பா பார்த்துவிடுகிறார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளை தன் ரிசல்ட்டைத் தெரிந்துகொள்கிறது. அந்த எஸ்எம்எஸ்ஸில் பாடவாரி மார்க் எதற்கு? தேர்ச்சியா, துணைத்தேர்வு எழுத வேண்டுமா என்பது போதும். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் 2021-ல் அச்சிட்டது போலத் தேர்ச்சி என்று மட்டும் அச்சிடட்டும்.

சிபிஎஸ்இ, மே மாதத் தேர்வைத் தேர்ச்சி பெறாதவர்களுக்கும், உடல்நலக் குறைவு போன்ற காரணங்களால் முதல் தேர்வைச் சரியாக எழுத முடியாமல்போனவர்களுக்கும் மட்டும் என்று திருத்த வேண்டும். அதைச் செய்யும்வரை முடிவு பெற்றோர் கையில்தான் இருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்பும் முன் உங்கள் மகனிடமோ மகளிடமோ ஒரு முறை கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேட்காதீர்கள். அந்த மே மாதம் அவர்கள் தூங்கட்டும், விளையாடட்டும், ஊருக்குப் போய் வரட்டும்.