நட்சத்திரக் காற்றும் ஒரு பழைய தொலைநோக்கியும்

சூரியனிலிருந்தும் காற்று வீசுகிறது. ஆனால் ஜீட்டா பப்பிஸ் என்ற நீல நிற ராட்சத நட்சத்திரத்தோடு ஒப்பிட்டால் அது வெறும் பெருமூச்சுதான். அங்கே காற்றின் வேகம் நொடிக்கு 2,000 கிலோமீட்டருக்கும் மேல். சூரியன் காற்றில் இழப்பதைப் போல சுமார் 10 கோடி மடங்கு பொருளை அது இழந்துகொண்டே இருக்கிறது. அந்தக் காற்றைத் தள்ளுவது வேறு எதுவும் இல்லை, நட்சத்திரத்தின் சொந்த வெளிச்சம்தான்!

இந்தக் காற்று சீராக வீசுவதில்லை. வேகமாக வரும் வாயு, முன்னால் மெதுவாகப் போகும் வாயுவின் மீது மோதுகிறது. மோதும் இடத்தில் வெப்பம் பல லட்சம் டிகிரிக்கு ஏறி எக்ஸ் கதிர்கள் கிளம்புகின்றன. பூமியின் வளிமண்டலம் அவற்றைத் தடுத்துவிடும் என்பதால் தொலைநோக்கி விண்வெளிக்குப் போயே ஆகவேண்டும். 1978ல் ஏவப்பட்ட ஐன்ஸ்டீன் தொலைநோக்கிதான் இத்தகைய நட்சத்திரங்களின் எக்ஸ் கதிர்களை முதலில் கண்டது.

சரி, அதை வைத்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? நட்சத்திரத்தின் பின்பக்கக் காற்றிலிருந்து வரும் எக்ஸ் கதிர், முன்பக்கக் காற்று முழுவதையும் கடந்துதான் நம்மிடம் வரவேண்டும். வழியில் கொஞ்சம் உறிஞ்சப்பட்டுவிடும். அதனால் நிறமாலைக் கோடுகள் ஒரு பக்கம் சாய்ந்து தெரிகின்றன. எவ்வளவு சாய்வு என்று அளந்தால் காற்று எவ்வளவு அடர்த்தி, நட்சத்திரம் எவ்வளவு இளைக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். அது சாகும்போது எப்படி வெடிக்கும், எத்தனை பெரிய கருந்துளை மிஞ்சும் என்பதெல்லாம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

1999ல் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கி, 2000ல் ஜீட்டா பப்பிஸைப் பார்த்தது. 2018-19ல் மறுபடியும் பார்த்தது, மொத்தம் 8 லட்சம் நொடிகளுக்கும் மேலாக. அதாவது 9 நாட்களுக்கும் அதிகம். கிடைத்த விடை யாரும் எதிர்பாராதது: இடைப்பட்ட 18 ஆண்டுகளில் அந்த நட்சத்திரம் பொருளை இழக்கும் வேகம் சுமார் 40 சதவீதம் கூடியிருந்தது. ஒரே தொலைநோக்கி, ஒரே நட்சத்திரம், நீண்ட இடைவெளி... இந்த மூன்றும் சேர்ந்ததால் கிடைத்த விடை இது.

இப்படிப்பட்ட சந்திராவின் இயக்கச் செலவை 2023ல் இருந்த சுமார் 6.8 கோடி டாலரிலிருந்து 2025ல் 4.1 கோடியாகக் குறைக்க, 2024 மார்ச்சில் நாசாவின் பட்ஜெட்டில் முன்மொழிந்தார்கள். பழசாகிவிட்டது, பராமரிப்பது கடினம் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. சந்திராவின் கருவியில் படிந்த அழுக்கால் மெல்லிய எக்ஸ் கதிர்களைப் பார்க்கும் திறன் குறைந்துவிட்டது. இரண்டாம் முறை அத்தனை நாட்கள் பார்க்க வேண்டியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அதன் இடத்தில் வேறு எதை வைப்பது? ஜப்பான் 2023ல் ஏவிய எக்ஸ்ரிசம் தொலைநோக்கியின் முக்கியக் கருவிக்கு முன்னிருந்த மூடி திறக்கவில்லை. ஜீட்டா பப்பிஸின் முக்கியமான கோடுகள் இருக்கும் மெல்லிய கதிர்களைத்தான் அந்த மூடி மறைக்கிறது. ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டனுக்கும் சந்திராவின் வயதேதான். அடுத்த பெரிய தொலைநோக்கி 2030களின் பிற்பகுதிக்கு முன் வருவது கடினம்.

புதிய கருவி புதியவற்றைக் காட்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் 18 ஆண்டு மாற்றத்தைக் காட்ட 18 ஆண்டு நின்று பார்த்த கண் வேண்டும். விட்டுப்போன ஆண்டுகளை எத்தனை கோடி டாலர் கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அந்தத் தொலைநோக்கிக்கு. நட்சத்திரங்களின் முடிவைக் கணக்கிட்டவர் அவர். அவர் பெயர் தாங்கிய தொலைநோக்கியின் முடிவையாவது அவசரப்படாமல் தீர்மானிக்கலாமே!