பூட்டும் பொறுமையும்

மாணவர் இடாப்பொன்றின் ஒரே வரியில் லிகிதர் இருவர் ஒரே நேரத்தில் எழுத முற்பட்டால் எவர் எழுத்து நிலைக்கும்? பலர் பொதுவிற் பயன்படுத்தும் கணினித் தரவுத்தளத்திலும் இவ்விடர் உண்டு. அதனைத் தடுப்பதற்கே பூட்டு அமைந்துள்ளது.

மைக்ரோசொப்ட் அக்செஸை எடுத்துக்கொள்வோம். பொதுக் கோப்பைத் திறந்ததும் அதே கோப்புறையில், அதே பெயருடன், சிறியதொரு பூட்டுக் கோப்பும் தோன்றும். உள்ளே நுழைந்த கணினிகளின் பெயர்கள் அதிற் பதிவாகும். கடைசியானவர் வெளியேறியதும் அது தானே மறையும்.

சென்ற தவணை இறுதியில், எங்கள் கல்லூரியில் புள்ளி அறிக்கை அச்சிடும் நாளன்று, ‘கோப்பு வேறொருவரின் பாவனையில் உள்ளது’ என்று திரை மறுத்தது. அவசரப்பட்ட ஒருவர் கோப்பு இருந்த கணினியையே நிறுத்திவிட்டார். அவ்வேளை வேறோர் அறையில் ஆசிரியரொருவர் புள்ளிகளைப் பதிந்துகொண்டிருந்தார். கோப்புப் பழுதுற்றது. முதல்நாட் பிரதி இருந்தமையாற் பிழைத்தோம்.

செய்யத்தக்கது யாது? முதலில் அனைவரையும் வெளியேறச் செய்க. பின்னும் பூட்டுக் கோப்பு எஞ்சினால் அதனை நீக்க முயல்க. பாவனையில் உள்ளதென்று மறுத்தால், எவரோ இன்னும் உள்ளே இருக்கிறார். நீங்கிவிட்டால், அது இடையில் அறுந்த தொடர்பின் எச்சமே. அடிக்கடி இவ்வாறு எஞ்சுமாயின், அக்கோப்புறையிற் கோப்புகளை ஆக்கவும் அழிக்கவும் எல்லோருக்கும் அனுமதியுண்டா எனப் பார்க்க. அட்டவணைகளை மட்டும் பொதுவிடத்தில் வைத்து, படிவங்களை அவரவர் கணினியில் வைத்தல் நலம்.

மாணவர்களே, உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று பூட்டுச் சொல்லும்போது, அவர் யாரென்று அறிந்த பின்னரே கதவிற் கை வைத்தல் வேண்டும்.