நீளம் குற்றமன்று!

"நெடும்புதினம் படிக்க நேரமேது?" என்பார், திரையரங்கில் மூன்று மணி நேரம் இமையாதிருப்பார்! நீளம் குற்றமன்று, புனைவை வரலாறென நம்புவதே குற்றம்.

கல்கி 1944இல் எழுதத் தொடங்கிய 'சிவகாமியின் சபதம்' நான்கு பெரும்பிரிவு கொண்டது. 'சூளுரை' எனும் செந்தமிழ்ச்சொல் இருக்கத் தலைப்பிலேயே வடசொல்! அதனைப் படித்தோர் பலர் கோவளம் கடந்து மாமல்லபுரம் சென்று, புனைவு மாந்தரான ஆயனரையும் சிவகாமியையும் தேடுகின்றனர். கி.பி. 642இல் வாதாபியை வீழ்த்திய படைத்தலைவர் பரஞ்சோதியோ மெய்யாக வாழ்ந்தவர். அவரைப் பாடிய சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் தாம்பரத்திற்கு அண்மையிலேயே உள்ளது. அங்குச் செல்வோர் எத்துணைப் பேர்?

தமிழீர்! தடித்த நூலையும் படியுங்கள். படித்தபின் பெரியபுராணத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். ஒப்பிடத் தூண்டினால் உழைப்பு வீணன்று. தூண்டாவிடில் அந்நூல் வெறுந் தாலாட்டே!