பாங்காக்கில் கடைசி இரண்டு நாள்



வெளிநாட்டுச் சுற்றுலா போகிற நம்மவர்கள் கடைசி இரண்டு நாட்களை எப்படிச் செலவழிக்கிறார்கள்? பெட்டியில் இன்னும் எத்தனை கிலோவுக்கு இடம் பாக்கி என்று பார்க்கிறார்கள். பிறகு குளிர்சாதன அங்காடிகளுக்குள் புகுந்து பேரன் பேத்திகளுக்குப் பொம்மையும் வீட்டாருக்குத் தைலமும் வாங்கி அந்த இடத்தை நிரப்புகிறார்கள். இதற்கு முன் போன இரண்டு பயணங்களில் நாமும் அதைத்தான் செய்தோம். இந்த முறை செய்யவில்லை. கடைசி இரண்டு நாளும் பாங்காக்கின் கடைத்தெருக்களில் நடந்தோம். அங்கே கண்டதைச் சங்கத்தார் முன் வைப்பது நம் கடமை என்று கருதுகிறோம்.

தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு பதினெட்டுப் பேர் கிளம்பிய பயணம் அது. முதல் ஐந்து நாட்கள் சுற்றுலா கம்பெனிக்காரர் காட்டியதைப் பார்த்தோம். அரண்மனையும் படுத்த கோலத்தில் இருக்கும் புத்தரும் பார்க்க வேண்டியவைதான். அவற்றை எழுத நம்மைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். மீதி இரண்டு நாட்களுக்கு நேரே பயண அட்டையில் "ஓய்வு" என்று போட்டிருந்தது.

நம்மோடு வந்தவர் தெற்குச் சீமையில் ஒரு சிற்றூரில் முப்பது வருடமாக மளிகைக் கடை நடத்துபவர். கீழமாசி வீதியில் நம் கடையில்தான் அவருக்குக் கொள்முதல். அவர் ஊருக்கு ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் வந்தது. அடுத்து செல்போனில் சொன்னால் வீட்டு வாசலில் சாமான் வந்து இறங்குகிற ஏற்பாடும் வந்தது. அவரது விற்றுமுதல் பாதியாகி விட்டது. மகன் கோவையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். "கடையை ஒரு செல்போன் கடைக்காரர் வாடகைக்குக் கேட்கிறார் அண்ணாச்சி. பேசாமல் கொடுத்துவிட்டுக் காலை நீட்டி உட்காரலாமா என்று பார்க்கிறேன்" என்று விமானத்திலேயே சொல்லிக்கொண்டு வந்தார். அப்போது நாம் பதில் எதுவும் சொல்லவில்லை.

முதல் நாள் காலை சீலோம் சாலையில் இருக்கும் மாரியம்மன் கோயிலில் கும்பிட்டோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிழைக்கப் போன தமிழர்கள் கட்டிய கோயில் அது. நாம் போனபோது நம்மவர்களைவிடத் தாய்லாந்துக்காரர்களே தேங்காயும் பூவுமாக அதிகம் நின்றார்கள். பிறகு சுரங்க ரயில் பிடித்து வாட் மங்கோன் நிலையத்தில் இறங்கினோம். 2019ஆம் ஆண்டில் திறந்த நிலையம். அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் சீனக் கடைத்தெரு.

அதன் மூலத்தெரு சாம்பெங் சந்து. 1782இல் முதலாம் ராமா மன்னர் பாங்காக்கைத் தலைநகராக்கியபோது, அரண்மனை கட்டிய இடத்தில் குடியிருந்த சீன வணிகர்களை அங்கிருந்து எழுப்பி இந்தப் பக்கம் அனுப்பினார். அன்று வந்தவர்கள் இருநூற்று நாற்பது வருடமாகக் கலையவில்லை. தள்ளுவண்டி ஒன்று வந்தால் ஆள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய அகலம்தான். கீழமாசி வீதிச் சந்துகளில் பழகிய நமக்கே தோள் இடித்தது. பொத்தான் விற்கிறவன் பொத்தான் மட்டும் விற்கிறான், ஆனால் நூற்றுக்கணக்கான வகை வைத்திருக்கிறான். பக்கத்துக் கடையில் ரிப்பன், அடுத்ததில் செருப்பு. எல்லாவற்றிலும் விலை எழுதித் தொங்குகிறது. ஒன்று எடுத்தால் ஒரு விலை, மூன்றோ ஆறோ எடுத்தால் மொத்த விலை, டஜனுக்கு இன்னொரு விலை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. நம் கடைகளில் ஆளைப் பார்த்து விலை சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

சாம்பெங்குக்குத் தெற்கே ஆற்றை ஒட்டி சோங்வாட் சாலை ஓடுகிறது. பழைய கிட்டங்கிகள் நிறைந்த தெரு. வற்றல், மிளகு, பூண்டு நெடி மூக்கில் ஏறியதும் நமக்கு ஊர் வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. இப்போது அந்தக் கிட்டங்கிகளில் சிலவற்றைக் காப்பிக் கடையாக்கி விட்டார்கள். இளவட்டங்கள் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். மூட்டை தூக்குகிறவர் அதைப் பொருட்படுத்தாமல் தன் வேலையைப் பார்க்கிறார்.

இந்த வட்டாரத்தில்தான் 1921இல் சீனாவிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர் காய்கறி விதைக் கடை ஒன்று வைத்தார்கள். கடையின் பெயர் சியா தாய், விதைக்கு விமான மார்க்கு. விதைப் பொட்டலத்தில் காலாவதித் தேதி அச்சடித்து, தேதி போனதை மாற்றியும் கொடுத்தார்களாம். அந்தக் குடும்பம் வளர்த்ததுதான் இன்றைய சி.பி. குழுமம். 1989இல் அமெரிக்கப் பெயரான செவன் இலெவன் கடையைப் பாட்பாங் சாலையில் தொடங்கியவர்கள் அவர்கள்தான். இன்று தாய்லாந்தில் அந்தக் கடைகள் பதினாலாயிரத்துக்கும் மேல். 1994இல் லோட்டஸ் என்ற பேரங்காடியும் தொடங்கினார்கள். 1997 ஜூலையில் அந்த நாட்டுப் பணமான பாட் சரிந்தபோது கை கடித்தது. மறு வருடம் லோட்டஸின் பெரும்பங்கை ஆங்கிலேயக் கம்பெனியான டெஸ்கோவுக்கு விற்றார்கள். 2020இல் ஆயிரம் கோடி டாலருக்கு மேல் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள்.

இதைச் சொல்லக் கேட்ட நண்பர் கொஞ்ச நேரம் நடையை நிறுத்திவிட்டார். "அப்போ சின்னக் கடைக்காரனை முடித்ததும் ஒரு சின்னக் கடைக்காரன் பிள்ளைதானா அண்ணாச்சி?" என்றார். ஆமாம் என்றோம். வெளிநாட்டுக் கம்பெனி வந்துதான் நம்மை அழிக்கும் என்று கூட்டங்களில் பேசி வருகிறோம். உள்ளூரில், நம் வீதியிலேயே பிறந்தவனும் அதைச் செய்யலாம்.

அன்று இரவு பாக் குளோங் தலாட் பூ மார்க்கெட்டையும் எட்டிப் பார்த்தோம். அதற்குக் கதவடைப்பே கிடையாது, நடுநிசிக்குப் பிறகுதான் வியாபாரம் சூடு பிடிக்கிறது. மல்லிகை மொட்டை ஐஸ் போட்டு வைத்திருக்கிறார்கள். மதுரை மல்லியோடு ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்தால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும் என்பதால் விடுகிறோம்.

நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது மறுநாள் காலையில் நடந்தது. விடுதிக்குப் பின்புறச் சந்தில் ஒரு மூதாட்டியின் மளிகைக் கடை. இந்த மாதிரிக் கடைக்கு அங்கே "சோ ஹுவாய்" என்று பெயர். எதிர் வரிசையில் இருபது அடி தள்ளி செவன் இலெவன். விளக்கும் குளிர்ச்சியும் இரவு பகலாகத் திறந்த கதவும் அந்தப் பக்கம். முட்டை, சோப்புத்தூள் பொட்டலம், சில்லறை அரிசி, ஐஸ் பெட்டி இந்தப் பக்கம். நண்பர் வாசலிலேயே நின்று தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தம் கடையைப் பார்க்கிற பார்வை அது என்று நமக்குப் பட்டது.

மூதாட்டியின் பேத்திக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது, நண்பருக்கும் கொஞ்சம் தெரியும். சரக்கு எங்கே எடுக்கிறீர்கள் என்று கேட்டோம். மக்ரோ என்றாள். சின்னக் கடைக்காரர்கள் ரொக்கம் கொடுத்துத் தாங்களே அள்ளிவரும் மொத்த அங்காடி அது. எதிர்க் கடையை நடத்துகிற அதே கம்பெனி 2013இல் மக்ரோவையும் வாங்கிவிட்டது. அதாவது, எதிர்க் கடைக்காரனிடம் கொள்முதல் செய்து எதிர்க் கடைக்காரனோடு போட்டி போடுகிறார் பாட்டி. மொத்த வியாபாரியான நமக்கு இது உறைத்தது. சோங்வாட் கிட்டங்கிக்காரர் இந்தப் பாட்டிக்குச் சரக்கு போட்டிருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள். நம் ஊரிலும் ரொக்க மொத்த அங்காடிகள் வந்து ஆண்டுகள் ஆகின்றன. நம் சில்லறைக் கடைக்காரர்கள் அங்கே போவதைக் குறை சொல்கிறோமே தவிர, ஐந்து கிலோ கேட்டால் முகம் சுளித்து "மூட்டையாக எடுத்துக்கோ" என்று சொல்லி அவர்களை அங்கே அனுப்பியது யார்?

பாட்டியின் சுவரில் பழைய ஒட்டுத்தாள் ஒன்று இருந்தது. அது என்ன என்று கேட்டதற்குப் பேத்தி விவரம் சொன்னாள். கொரோனாவால் வியாபாரம் படுத்திருந்த 2020 அக்டோபரில் அரசாங்கம் "பாதிக்குப் பாதி" என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. மக்கள் சாமான் வாங்கினால் விலையில் பாதியை அரசு கட்டும், ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 பாட் வரை. எல்லாம் செல்போன் வழியாக. தள்ளுவண்டிக்காரரும் பாட்டி கடையும் அதில் சேரலாம், செவன் இலெவன் போன்ற சங்கிலிக் கடைகள் சேர முடியாது. அந்த மாதங்களில் பாட்டி கடையில் கூட்டம் நின்றதாம்.

சங்கத்தார் கவனிக்க வேண்டிய விஷயம் இது. வரி குறைப்பு, உரிமக் கட்டணம் என்று ஒவ்வொரு மாநாட்டிலும் தீர்மானம் போடுகிறோம். வாங்குகிறவர் கையில் அரசு கொடுக்கும் பணம் சின்னக் கடையில் மட்டும் செல்லும்படி செய்யலாம் என்று ஒரு தீர்மானமாவது போட்டிருக்கிறோமா? ஒரு பக்கத்து நாடு செய்து காட்டியிருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் இதை வைக்க வேண்டுமென்று நாம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறோம். அரசுக்குப் பணம் எங்கே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆண்டு முழுவதும் வேண்டாம், ஆடி மாதத்துக்கு மட்டுமாவது கேட்டுப் பார்க்கலாம்.

நண்பர் அந்தப் பாட்டியிடம் ஒரு பாக்கெட் வறுத்த கடலை வாங்கினார். பாட்டி மிச்சச் சில்லறையை எண்ணி இரண்டு கையாலும் கொடுத்தார். விமான நிலையம் போகும் வழியெல்லாம் நண்பர் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். அந்த ஊர்ச் சந்தையில் நூறு கிராமுக்கு "கீட்" என்று தனிப் பெயர் உண்டு, விலையையே அதில்தான் எழுதுகிறார்கள். அதைப் போலத் தம் கடையில் சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி அன்றன்று அரைத்து நூறு கிராம் விலை எழுதித் தொங்கவிட்டால் என்ன என்றார். சோப்பிலும் பிஸ்கெட்டிலும் சூப்பர் மார்க்கெட்டோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிடலாம் என்றும் சொன்னார். அதற்கு வேண்டிய மல்லியும் வற்றலும் ஐந்து ஐந்து கிலோவாகப் பிரித்துத் தர முடியுமா என்று நம்மைக் கேட்டார். முடியும் என்றோம். நம் கடைப் பையன்கள் இதற்கு முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும்.

செல்போன் கடைக்காரருக்குத் தை பிறந்ததும் பதில் சொல்வதாகச் சொல்லி வைத்திருக்கிறாராம். சென்ற வாரம் ஒரு மாவு மில் மிஷினுக்கு விலை கேட்டு நமக்குப் போன் செய்தார்.