வரிசையும் பொருளும்

சென்னைத் துறைமுகத்தை அடுத்துள்ளது இராயபுரம். அத்துறைமுகத்தில் கப்பலேறிய உந்துவண்டிகளுள் பல, இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் இயங்கிவரும் கொரியத் தொழிற்சாலையில் உருவானவை. கொரியரின் தொழிலேயன்றி, அவர்தம் தற்காப்புக் கலையாகிய டேக்வாண்டோவும் இந்நகருக்கு வந்துள்ளது. சிறுவர் பலர் அதனை ஆர்வத்துடன் பயில்கின்றனர்.

அக்கலையில் ஒருவர் தனித்து நின்று நிகழ்த்தும் அசைவு வரிசைக்குப் 'பூம்சே' என்பது பெயர். தொடக்க நிலையினர் பயிலும் 'தேகுக்' வரிசைகள் எட்டு. அவை முறையே வானம், ஏரி, தீ, இடி, காற்று, நீர், மலை, நிலம் ஆகியவற்றைக் குறிக்கும். இவற்றுள் வானம், தீ, நீர், நிலம் என்னும் நான்கின் குறிகள் தென்கொரியக் கொடியிலும் விளங்குகின்றன. எட்டு வரிசைகளும் தடுத்தலில் தொடங்குகின்றன, தாக்குதலில் அல்ல. பயில்பவர் பல திசையும் திரும்பிச் சென்று, இறுதியில் புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்பார். காத்தலே முதற்கடமை, அடக்கமே முடிவு என்னும் அறத்தை உடலே உணர்ந்துகொள்கிறது.

இக்குறிகள் தொன்மையான சீனச் சிந்தனையில் தோன்றியவை. ஆயினும், இவ்வரிசைகள் 1970-களில் வகுக்கப்பட்டவையே. பழம்பொருளைப் புதிய ஒழுங்கில் அமைத்து, காரணத்தோடு எழுதி வைத்தமையால், அவை உலகெங்கும் ஒரே முறையில் கற்பிக்கப்படுகின்றன. டேக்வாண்டோ 2000-ஆம் ஆண்டு முதல் ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டாகவும் விளங்குகிறது.

தமிழரின் சிலம்பத்திலும் இத்தகைய பொருள் உண்டு. மண்ணையும் ஆசானையும் வணங்கிய பின்னரே மாணவன் கோலெடுப்பான். வீச்சுக்கு முன் காலடி பயில்வான். நிற்கத் தெரியாதவனுக்கு அடிக்கும் உரிமை இல்லை என்பது அதன் கருத்து எனலாம். 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இப்பெருமை போற்றத்தக்கதே. எனினும், பதக்கத்தை மட்டும் கருதி விரைபவர் வணக்கத்தையும் காலடியையும் வெறும் சடங்காக எண்ணிவிடக் கூடும். அவ்வாறு எண்ணின், கோல் சுழலும், கலை தேயும்.

வரிசைகளை எழுத்தில் அடைத்தால் கலை உறைந்துவிடும் என்பார் சிலர். தமிழுக்குத் தொல்காப்பியம் தோன்றியதால் தமிழ் உறைந்துவிடவில்லை, நிலைபெற்றது. ஆதலின், இராயபுரம் முதல் எண்ணூர் வரை சிலம்பம் பயிலும் மாணவர் ஒவ்வோர் அசைவின் பெயரையும் காரணத்தையும் தம் ஆசானிடம் பணிவுடன் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். ஆசானின் நினைவில் மட்டும் வாழும் கலை அவரோடு மறையும். எழுத்திலும் பயிற்சியிலும் ஒருங்கே வாழும் கலை வழிவழி வளரும்.